கண்மாய்க்கரையில் நமக்கு என்ன வேலை?



பொங்கலுக்கு ஊர் வருகிறவர்கள் போனில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். நம்ம பக்கம் அவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது?" திருமேனிநாதர் கோயில் இருக்கிறது, சுந்தரர் பாடிய தலம். 1879 டிசம்பர் 30-ஆம் தேதி ரமண மகரிஷி பிறந்த வீடு, சுந்தர மந்திரம், இங்கேதான் இருக்கிறது. இரண்டையும் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். "அது சரி சார், இயற்கையாக ஏதாவது?" என்று அடுத்த கேள்வி வரும். இயற்கை என்றால் நம் பிள்ளைகளுக்கு மலை, அருவி, யானை. அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போக வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டார்கள். நான் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போங்கள் என்பேன். மறுமுனையில் சிரிப்பார்கள். "அங்கே வேலிக்கருவையைத் தவிர என்ன சார் இருக்கு?"

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் சொல்லி முடியாத வரலாறு. அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். தேர்வு கிடையாது.

முதலில் மழைக்கணக்கு. நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. லண்டன் மாநகரத்துக்கு 600 அளவுதான். வானம் பார்த்த பூமி என்று நாம் சலித்துக்கொள்ளும் ஊரில் லண்டனைவிட மழை அதிகம் என்று வகுப்பில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? லண்டனில் அது வருடம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். நமக்கோ பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்து வைத்தவன் பிழைத்தான், விட்டவன் ஊரைவிட்டுப் போனான். குண்டாறும் இதே குணம்தான். மேற்கே மலையடிவாரத்தில் கிளம்பி, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் அது மணல்தான். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, மேற்கே ஓடிய தண்ணீரை வைகைப் பக்கம் திருப்பினார்கள். அப்போதும் அந்தத் தண்ணீர் நம் சீமைக்கு எட்டவில்லை. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள். அது வரும்போது வரட்டும்.

ஆகவே நம் முன்னோர்கள் செய்தது கண்மாய். தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய், ஏந்தல் என்று பல பெயர்களில் சுமார் 39,000 நீர்நிலைகள் உண்டு. அவற்றில் நம் பழைய இராமநாதபுரச் சீமைக் கண்மாய்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அவை தனித்தனியானவை கிடையாது, சங்கிலி. நிலம் மேற்கிலிருந்து கிழக்காக, கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே வளைத்துக் கரை போட்டார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. உங்கள் ஊர் வயலில் கசிந்த தண்ணீர்கூடக் கீழூர்க் கண்மாய்க்கு வரத்துதான். நம் பக்கம் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். குளம் என்று முடியும், ஏந்தல் என்று முடியும், ஊரணி என்று முடியும். ஊரைப் பார்த்துக் கண்மாய்க்குப் பெயர் வைக்கவில்லை. கண்மாயைப் பார்த்து ஊருக்குப் பெயர் வந்திருக்கிறது.

ஒரு கண்மாயில் எத்தனை உறுப்பு! தண்ணீர் வந்து சேர வரத்துக்கால். தேங்கி நிற்க உள்வாய். கரையில் அலை அடித்து மண் கரையாமல் இருக்க அலைகல். வயலுக்குத் தண்ணீர் விட மடை. உள்வாயில் நான்கு கல்தூணோடு நிற்பது குமிழித்தூம்பு. மேல்துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தெளிந்த தண்ணீர் போகும், அடித்துளை வழியாகச் சேறும் வெளியேறும். மின்சாரமும் இல்லை, இரும்பும் இல்லை. மடைக்குப் பக்கத்திலேயே மடைக்கருப்பசாமி. கரைமேல் ஐயனார், அவருக்குக் கண்மாய் மண்ணிலேயே சுட்ட குதிரைகள். பொறியியல் படித்த என் மாணவர்கள் பலர் துபாயிலும் சிங்கப்பூரிலும் பெரிய பெரிய கட்டடம் கட்டுகிறீர்கள். ஊர் வரும்போது ஒருமுறை குமிழித்தூம்பைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

இதை இயக்கியது நீர்க்கட்டி. மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, தண்ணீர் குறைந்த வருடம் எந்தப் பக்கத்தைத் தரிசாகப் போடுவது, எல்லாம் அவர் கைக்கணக்கு. சம்பளம் கிடையாது. களத்தில் நெல் அளக்கும்போது அவர் பங்கு பிரித்து வைக்கப்படும். அந்த உரிமைப் பங்குக்குப் பெயர் சுதந்திரம். 1947-க்கு முன்னாலேயே அந்தச் சொல் நம் களத்துமேட்டில் நெல்லாக இருந்தது. மடை திறப்பவரை மடையர் என்றும் சொல்வதுண்டு. அந்த வீரர்களின் பெயரைத்தான் திட்டும் சொல்லாக ஆக்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். திட்டுகிற மடையன் வேறு சொல், மடமை என்பதிலிருந்து வருவது. தமிழாசிரியர் பக்கத்து வகுப்பில் இருந்தாலே இது தெரிந்திருக்கும்!

இப்போது பிள்ளைகள் பக்கம் வருகிறேன். நான் சிறுவனாக இருந்த காலத்தில் யாரும் எங்களை "போய் இயற்கையை ரசித்துவிட்டு வா" என்று அனுப்பவில்லை. கண்மாய்க்கு எங்களுக்கு வேலை இருந்தது. எருமையைக் குளிப்பாட்ட வேண்டும். வயலில் இருக்கும் ஐயாவுக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோக வேண்டும். ஆட்டுக்கு நாட்டுக்கருவேல நெற்று உலுப்ப வேண்டும். தண்ணீர் வற்றும்போது சேற்றில் கொட்டிக்கிழங்கு தோண்ட வேண்டும். வழியில் சூரைப்பழம், கள்ளிப்பழம், நாக்கெல்லாம் சிவப்பு. கோடையில் அடிமண்டித் தண்ணீர் வந்ததும் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசினால் போதும், சுற்று வட்டாரமே ஊத்தா, கச்சா, வலை, கூடையோடு இறங்கிவிடும். விரால், கெளுத்தி, கெண்டை, அயிரை, அவரவர் கைக்கு வந்தது. அந்த ஒரு நாளில் மீனைப் பற்றிப் படித்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. எந்த மீன் சேற்றுக்குள் பதுங்கும், எது துள்ளும், எது முள்ளால் குத்தும் என்பது விரலுக்கே தெரியும்.

பெரியவர்களுக்கும் அப்படியே. கோடையில் வண்டி கட்டிப் போய்க் கரம்பை அள்ளி வந்து புஞ்சையில் கொட்டுவார்கள். வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம். வரத்துக்கால் வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள். கரை உடைப்பெடுக்கும்போல் இருந்தால் நடுராத்திரியில் தமுக்கு. இதைத்தான் குடிமராமத்து என்கிறோம்.

இதையெல்லாம் பொற்காலம் என்று நான் பாடவில்லை. வரலாற்று வாத்தியார் அப்படிப் பாடக்கூடாது. நீர்க்கட்டிகள் பெரும்பாலும் பட்டியலின மக்கள். ஊருக்கே தண்ணீரைப் பங்கிட்டவர்களுக்குப் பல ஊர்களில் சொந்தமாக நஞ்சை கிடையாது. வீட்டுக்கு ஒரு ஆள் என்றால் எந்த வீட்டு ஆள் மண்வெட்டி பிடித்தார், எந்த வீட்டு ஆள் குடை பிடித்துக்கொண்டு நின்றார் என்பதையும் கேட்க வேண்டும். டேவிட் மோஸ் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் நம் இராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்து 2003-இல் 'தி ரூல் ஆஃப் வாட்டர்' என்ற நூலை வெளியிட்டார். ஊர் மக்கள் தாமாகவே எல்லாக் கண்மாயையும் பராமரித்தார்கள் என்ற படமே வெள்ளைக்கார அரசு தன் செலவைக் குறைத்துக்கொள்ளப் பெரிதுபடுத்திய ஒன்று என்கிறார். மன்னர்கள், சேதுபதிகள், அவர்களுக்குக் கீழிருந்த பாளையத்தார் எல்லோரும் முதல் போட்டதும், கோயில் மரியாதை போன்ற அதிகாரப் பங்கீடும் சேர்ந்துதான் கண்மாய் நின்றது என்பது அவர் வாதம். எனக்கு அதில் பெரும்பகுதி சரி என்றே படுகிறது. ஆனால் முதல் யார் போட்டாலும் கை வைத்தவர்கள் ஊர்க்காரர்கள்தானே! அந்தக் கை எப்போது விலகியது?

ஒரே நாளில் விலகவில்லை. 1803-இல் கும்பினியார் இராமநாதபுரத்தை ஜமீனாக ஆக்கினார்கள். திருச்சுழியும் அந்த ஜமீனுக்குள் இருந்தது. ஆண்டுதோறும் பேஷ்குஷ் கட்டியே ஆக வேண்டும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். ஜமீன் வழக்கிலும் கடனிலும் மூழ்க மூழ்க, கண்மாய்ச் செலவுதான் முதலில் வெட்டப்பட்டது. 1858-இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. வழக்கப்படி கண்மாய் வேலைக்கு வராதவர்களிடம் தண்டம் வசூலிக்கலாம் என்பது அதன் சாரம். மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வேலைக்கு எல்லோரும் வந்துகொண்டிருந்தால் எதற்குச் சட்டம்? ஒரு வழக்கம் நொண்டத் தொடங்கும்போதுதான் அதைத் தூக்கி நிறுத்தச் சட்டம் வரும். 1858-இலேயே நொண்டல் ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி.

பிறகு 1876-இல் தாது வருடப் பஞ்சம். இரண்டு ஆண்டுக்கும் மேலாகத் தென்னிந்தியாவைச் சுட்டெரித்தது. நம் வீட்டுக் கிழவிகள் எதையாவது வீணாக்கினால் "தாது வருசத்துல பொறந்திருக்கணும் நீ" என்பார்களே, அதுதான்.

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். மிக நல்ல சட்டம், நம் தாத்தாக்களுக்கு நிலம் கிடைத்தது அதனால்தான். ஆனால் கண்மாய்கள் அரசின் கணக்குக்குப் போயின. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித்துறைக்கு, அதற்குக் குறைந்தவை பின்னாளில் பஞ்சாயத்து யூனியனுக்கு. மீன் பாசி ஏலத்துக்குப் போனது. கரையில் நின்ற மரம் ஏலத்துக்குப் போனது. 1959-இல் வந்த சிறுகனிம விதிகளோடு, நாம் வண்டியில் அள்ளிய கரம்பையும் அனுமதி வாங்கி எடுக்க வேண்டிய பொருளாயிற்று. ஒரு சம்சாரி தன் ஊர்க் கண்மாயில் ஒரு வண்டி மண் எடுக்க ஆபீஸ் படி ஏற வேண்டும் என்றால், அவர் எடுக்காமலே இருந்துவிடுவார். கண்மாய் மேடாகிவிடும். அப்படித்தான் மேடாயிற்று.

கடைசி அடி பம்புசெட். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. கிணறு வைத்திருப்பவருக்கு மடை எதற்கு, நீர்க்கட்டி எதற்கு? அவரைக் குறை சொல்ல முடியாது, நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் கண்மாய் வேலைக்குக் கூப்பிட்டால் வருவதற்கு இருந்த கடைசிக் காரணமும் அதோடு போயிற்று. கண்மாய் நிறைந்தால்தான் கிணறு ஊறும் என்பது தெரிய வர இன்னும் இருபது வருடம் ஆயிற்று. அதற்குள் கிணறு போர் ஆகிவிட்டது, போர் நூறடி, முந்நூறடி, அறுநூறடி என்று இறங்கிக்கொண்டே போயிற்று.

காலியான இடத்துக்கு யாராவது வருவார்கள். நம் கண்மாய்க்கு வேலிக்கருவை வந்தது. சீமைக்கருவேலம், வேலிகாத்தான், எந்தப் பெயரில் திட்டினாலும் சரி. இதைக் கொண்டுவந்தது காமராஜர் என்று சிலரும், வெள்ளைக்காரன் விமானத்தில் தூவினான் என்று சிலரும் டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். காமராஜர் பிறந்தது 1903-இல். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் என்ற அதிகாரி, விறகுப் பஞ்சத்துக்காக இந்த விதையைக் கேட்டு எழுதியது 1876-இல். விதைத்தது 1877-இல், கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில். அதாவது தாது வருடப் பஞ்சத்தின் நடுவே. சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். பிறகு வேலிக்கும் விறகுக்கும் என்று ஊர் ஊராகப் பரவியது. ஆடு மாடு நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் விதைத்தது. உழுகிற நிலத்தில் அது முளைத்தால் அன்றைக்கே பிடுங்கிவிடுவார்கள். யாரும் கால் வைக்காத உள்வாயில், தூர் வாராத வரத்துக்காலில், யார் பிடுங்குவார்? இந்த மரம்தான் கண்மாயைக் கெடுத்தது என்கிறோம். மனிதர் வரத்து நின்ற இடத்தில்தான் அது வேர் பிடித்தது என்று நான் சொல்வேன்.

அதற்கும் ஒரு நியாயம் உண்டு. மழை பொய்த்த வருடங்களில் நம் தாலுகாவில் எத்தனை குடும்பம் கரிமூட்டம் போட்டுச் சாப்பிட்டது என்று யோசியுங்கள். என் வகுப்பிலேயே விரல் நகமெல்லாம் கரியோடு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். நோட்டுப் புத்தகம் அந்தக் கரியில் வந்தது. அதனால் 2017 தொடக்கத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவின்பேரில் ஊருக்கு ஊர் பொக்லைன் இறங்கியபோது எனக்கு முழு மகிழ்ச்சி வரவில்லை. அதே ஆண்டு சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. வேரோடு எடுக்காமல் வெட்டிவிட்டு மட்டும் போன இடங்களில் அடுத்த மழைக்கே பழையபடி தழைத்துவிட்டது. இதே 2017-இல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கு பாசனதாரர்கள் தர வேண்டும், உழைப்பாகவும் தரலாம் என்றார்கள். அதே ஆண்டில் வண்டல் அள்ளவும் விவசாயிகளுக்குக் கட்டணமில்லாமல் அனுமதி தந்தார்கள். அதற்கு வெகுமுன்பே, 1992 முதல், மதுரையில் இருந்து இயங்கும் தானம் அறக்கட்டளை 'வயலகம்' என்ற பெயரில் பாசன விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்துக் கண்மாய் வேலை செய்துவருகிறது. குண்டாற்றுப் படுகையிலும் செய்திருக்கிறார்கள். தூர் வாரிய கண்மாயும் உண்டு, பில் மட்டும் வாரிய கண்மாயும் உண்டு. எது எது என்று உங்களுக்கே தெரியும், என் வாயைக் கிளறாதீர்கள்.

இனி பறவைக்கு வருகிறேன். நம் எல்லையைத் தாண்டிக் கிழக்கே கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் போனால் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று இரண்டு கண்மாய்கள். பார்த்தால் நம் ஊர்க் கண்மாய் மாதிரியேதான் இருக்கும். 1989-இல் இரண்டையும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022 ஆகஸ்டில் இரண்டுமே ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. ராம்சர் என்பது ஈரானில் உள்ள ஊர். 1971-இல் அங்கே கையெழுத்தான ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களைப் பட்டியல் போடுகிறார்கள். மானாவாரிச் சீமையின் இரண்டு கண்மாய்கள் அந்த உலகப் பட்டியலில்! கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி, நீர்க்காகம் எல்லாம் தண்ணீருக்கு நடுவே நிற்கும் கருவேல மரங்களில் கூடு வைக்கின்றன. கண்மாயில் தண்ணீர் நின்றால் வரும், இல்லையென்றால் அந்த வருடம் வராது. அவற்றுக்குச் சரணாலயப் பலகையைப் படிக்கத் தெரியாது.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்று 1977-இல் அறிவித்த கண்மாய்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டில் குஞ்சு இருக்கிறது, பயந்து கீழே விழுந்துவிடும் என்பதுதான் காரணம். தீபாவளிக்கு வனத்துறையினர் வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சிவகாசியை மாவட்டத்துக்குள் வைத்திருக்கும் நாம் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும், வெடி இல்லாத தீபாவளியை, ஒரு நாரைக் குஞ்சுக்காக, பாட்டன் காலத்திலிருந்து ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கும் முன்னோடி வேடந்தாங்கல். 1798-இல், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் காலத்தில், பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் கௌல் எழுதி வாங்கினார்கள். ஊராருக்கு அதில் ஆதாயமும் இருந்தது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரத்தண்ணீர். அன்பும் ஆதாயமும் சேர்ந்தே இருந்ததால்தான் இருநூறு வருடம் தாண்டியும் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

நம் பக்கம் வேறொரு வழக்கம் இருந்தது. மாசி சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை. ஊர் இளவட்டங்கள் கம்பும் வலையும் நாயுமாகப் போய் முயல், கவுதாரி, காடை என்று அடித்து வந்து சாமிக்குப் படைத்துப் பங்கு வைப்பார்கள். 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். இருந்தாலும் சில ஊர்களில் இன்னும் ரகசியமாக நடக்கிறது. அமெரிக்காவிலும் இதேபோல் ஒன்று இருந்தது தெரியுமா? கிறிஸ்துமஸ் அன்று இரு கட்சியாகப் பிரிந்து வேட்டைக்குப் போவார்கள். எந்தக் கட்சி அதிகம் சுட்டதோ அதுவே வென்றது. 1900-ஆம் ஆண்டு ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், இந்த வருடம் சுட வேண்டாம், எண்ணலாம் என்றார். முதல் வருடம் வந்தது 27 பேர். இன்றைக்கு ஆயிரமாயிரம் பேர். நூறு வருடத்துக்கும் மேலாக எடுத்த அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்தப் பறவை குறைகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அதிகாலையில் எழுந்து, கூட்டாகக் கிளம்பி, புதரெல்லாம் தேடி, கடைசியில் எத்தனை என்று பெருமையடிப்பது, எல்லாம் அப்படியே இருக்கிறது. உயிர் மட்டும் போகவில்லை.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கலை ஒட்டி நான்கு நாள். ஒரே இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, இ-பேர்டு என்ற தளத்தில் போனிலேயே ஏற்றிவிடலாம். கட்டணம் இல்லை, தகுதி இல்லை. பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கொக்குக்கும் மடையானுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும். (மடையருகே தவமிருக்கும் அந்தப் பழுப்புக் கொக்குதான் மடையான். பறந்தால்தான் வெள்ளைச் சிறகு தெரியும்.) தை மாதம் நம் கண்மாய்க்கு நல்ல நேரம். தண்ணீர் இருக்கும் வருடமென்றால் முக்குளிப்பான், நாமக்கோழி, உள்ளான், அதிர்ஷ்டம் இருந்தால் வடதேசத்திலிருந்து வந்த ஊசிவால் வாத்து. வயல் பக்கம் ஆள்காட்டி நம்மைப் பார்த்ததும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். பனையில் தூக்கணாங்குருவிக் கூடு. மயிலைச் சொல்லவே வேண்டாம், கடலை போட்ட சம்சாரியைக் கேட்டால் கண்ணீர் விடுவார்.

இந்தப் பொங்கலுக்கு மாட்டுப்பொங்கல் அன்று காலை ஆறரைக்குக் கரையில் ஏறுவதாக இருக்கிறோம், வர விரும்புகிறவர்கள் வாருங்கள். ஒரு மணி நேரம் எண்ணுவோம். பிறகு உள்வாயில் இறங்கி, முழங்கால் உயர வேலிக்கருவைக் கன்றுகளை வேரோடு பிடுங்குவோம். மழை முடிந்த ஈரத்தில் சின்னக் கன்று கையோடு வந்துவிடும், அதற்குப் பொக்லைன் வேண்டாம். கூடு இருக்கும் பெரிய மரத்தை யாரும் தொடக்கூடாது. கரையில் பனங்கொட்டை ஊன்ற ஆவணி, புரட்டாசிதான் நல்ல நேரம். அதற்குத் தனியாகச் சொல்கிறேன்.

வரும் முன்பு ஒவ்வொருவரும் ஒரு வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். உங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால், முடிந்தால் நீர்க்கட்டி வீட்டுக்காரராக இருந்தால், உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் கண்மாய்க்கு எத்தனை மடை, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, கலுங்குத் தண்ணீர் எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது. பெரியமடை, நடுமடை, கடைமடை என்று பொதுப்பெயர் சொன்னால் விடாதீர்கள். புளியமரத்து மடை, பிள்ளை பெத்த மடை என்று வேறு பெயர் கட்டாயம் இருக்கும், அதற்கு ஒரு கதையும் இருக்கும். ஒரு நீள நோட்டில் நான் எழுதி வருகிறேன். இதுவரை பதினொரு ஊர் முடிந்திருக்கிறது. சொன்னவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை.

தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். ரப்பர் செருப்போடு மட்டும் வராதீர்கள், கருவை முள் நேராக உள்ளங்காலுக்கு வந்துவிடும்.